ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த இரண்டு கேமராக்கள்

"முதல் கேமரா வாங்கப் போகிறேன், இந்த இரண்டில் எது நல்லது சார்?" என்று பழைய மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்த வரலாற்றைச் சொல்வேன்.

2003 ஆகஸ்டில் கேனன் 300டி-யை அறிவித்தது. லென்ஸ் இல்லாமல் 899 டாலர். லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா சாதாரண மக்கள் கைக்கு நெருங்கி வந்தது அப்போதுதான். 2004-இல் நிக்கான் டி70 வந்தது, 999 டாலருக்கு.

மெகாபிக்சல் 6.3, 6.1. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 300டி-யை ஆன் செய்தால் சில விநாடி காத்திருக்க வேண்டும். டி70 உடனே தயார். விலை கூடிய 10டி-யில் இருந்த சில வசதிகளை 300டி-யில் கேனன் மென்பொருளால் பூட்டி வைத்திருந்தது. சிலர் மென்பொருளை மாற்றி அந்தப் பூட்டைத் திறந்தார்கள்!

போட்டியின் பலன், 2005-இல் கேனன் 350டி: 8 மெகாபிக்சல், ஆன் செய்ததும் தயார்.

அன்று பலருக்கும் முடிவைச் சொன்னது ஃபிலிம் காலத்திலிருந்தே வீட்டில் இருந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ். நிக்கான் லென்ஸ் இருந்தவருக்கு டி70, கேனன் இ.எஃப். லென்ஸ் இருந்தவருக்கு 300டி.

கேமரா சில வருடங்களில் பழசாகிவிடும், லென்ஸ் கூடவே வரும். ஆகவே, கேமராவை மட்டும் பார்க்காதீர்கள். நாளை வாங்கப்போகும் லென்ஸின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.