மீட்பு வண்டியின் சாமான் பட்டியல் எங்கிருந்து வந்தது?

கல்லூரி நண்பன் ஒருவனுக்கு காக்களூர் சிட்கோவில் சின்னதாக ஒரு ஷீட் மெட்டல் பட்டறை. ஒரு ஷியரிங் மிஷின், ஒரு பெண்டிங் மிஷின், நாலைந்து வெல்டர்கள். கட்டிங் ஷீட், எக்ஸெல் கணக்கு என்று ஏதாவது சிக்கல் வந்தால் என்னைக் கூப்பிடுவான். போன முறை கூப்பிட்டது ஒரு லாக்கர் வேலைக்காக. தீயணைப்புத் துறைகளுக்கு வண்டி கட்டித் தரும் ஒரு பாடி பில்டரிடமிருந்து சப்-காண்ட்ராக்ட் வந்திருந்தது. ஒரு மீட்பு வண்டியின் உட்புறத் தடுப்புகள், இழுப்புத் தட்டுகள், சாமான்களைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புகள்.

"எந்தச் சாமான் எந்த லாக்கர்ல போகணும்னு லிஸ்ட் குடுத்திருக்காங்கடா. எடை பார்த்து அடுக்கணும். ஒரு ஷீட் போட்டுக் குடு" என்றான்.

லிஸ்டைப் பார்த்தேன். ஹைட்ராலிக் கட்டர், ஸ்ப்ரெடர், காற்றுப் பை, மூச்சுக்கருவி, ஜெனரேட்டர், விளக்குக் கம்பம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். அவற்றோடு கடப்பாரை, கோடாலி, ரம்பம், மர ஆப்புகள், மணிலா கயிறு, ஜாக்கி, ரப்பர் கையுறை என்று ஒரு பழைய கருமான் பட்டறைச் சாமான்களும் இருந்தன. எனக்கு லிஸ்டைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று தேடத் தோன்றும். வேலையில் பழைய கோடு படித்துப் படித்து வந்த வியாதி. ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது.

நெருப்பை அணைக்கப் போகிற வண்டிக்கும் ஆளை மீட்கப் போகிற வண்டிக்கும் அடிப்படையே வேறு. முதலாவது, ஓடும் தண்ணீர்த் தொட்டி. நம்மூரில் 4500 லிட்டர் தொட்டி வழக்கம், அதாவது நாலரை டன் தண்ணீர். இரண்டாவதில் தண்ணீர் பெயருக்குத்தான் இருக்கும், இல்லாமலும் இருக்கும். அது ஓடும் கருவிப்பெட்டி. இப்படி ஒரு தனி வண்டி வேண்டும் என்று தீயணைப்புக்காரர்களுக்குத் தோன்ற ஒரு நெருப்புதான் காரணமாக இருந்தது.

1912 ஜனவரி 9. நியூயார்க்கின் எக்விட்டபிள் கட்டடம் பற்றி எரிந்தது. கடுங்குளிரில் அடித்த தண்ணீரெல்லாம் கட்டடத்தின் மேலேயே பனிப்பாறையாக உறைந்தது. அடித்தளத்தில் இருந்த பெட்டக நிறுவனத்தின் தலைவர் வில்லியம் கிப்ளின் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். ஆள் கண்ணுக்குத் தெரிகிறார், கை நீட்டினால் தொடலாம், வெளியே எடுக்க முடியவில்லை. செனெகா லார்க் என்ற தீயணைப்பு வீரர் தரையில் படுத்துக்கொண்டு கை ரம்பத்தால் அந்தக் கனத்த இரும்புக் கம்பிகளை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அறுத்தார். மேலே கட்டடம் சரிந்துகொண்டிருந்தது. கிப்ளின் பிழைத்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். எரிவாயுவால் இரும்பை வெட்டும் டார்ச் அப்போதே உலகத்தில் இருந்தது. தீயணைப்பு வண்டியில்தான் இல்லை.

மூன்று வருடம் கழித்து, 1915 மார்ச் 8-ல், நியூயார்க்கில் 'ரெஸ்க்யூ கம்பெனி 1' வேலையைத் தொடங்கியது. தலைவர் கேப்டன் ஜான் மெக்எலிகாட். வண்டி, மாற்றிக் கட்டிய ஒரு கேடிலாக் கார். ஆட்களைப் பொறுக்கியதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. படைக்கு வருமுன் இரும்பு வேலை, பளு தூக்கும் வேலை, இயந்திர வேலை என்று ஏதாவது ஒரு தொழில் பார்த்தவர்களாகத் தேடி எடுத்தார்கள்.

வண்டியில் ஏற்றியவற்றைப் பார்த்தால் பாதிக்கு மேல் கடன் வாங்கியவை. வெட்டும் டார்ச் கப்பல் கட்டும் துறை, இரும்புப் பட்டறைகளிலிருந்து. கயிறு எறியும் துப்பாக்கி, கரையில் நின்று உடைந்த கப்பலுக்குக் கயிறு வீசும் கடலோர மீட்புப் படையிலிருந்து. புகைக்குள் போட்டுக்கொள்ளும் டிரேகர் தலைக்கவசமும், மூச்சு நின்றவருக்கு ஆக்சிஜன் செலுத்தும் பல்மோட்டரும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து.

சுரங்கம் இங்கே முக்கியம். 1906 மார்ச் 10-ல் பிரான்சின் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1099 பேர் செத்தார்கள். ஜெர்மனியிலிருந்து மீட்பர்கள் மூச்சுக்கருவிகளோடு எல்லை தாண்டி வந்தார்கள். இருபது நாள் கழித்து பதின்மூன்று பேர் உள்ளிருந்து உயிரோடு வந்த விபத்து அதுதான். அதற்கப்புறம் டிரேகர் என்ற கம்பெனிப் பெயர் வட அமெரிக்காவில் சுரங்க மீட்பருக்கே பெயராகிவிட்டது. நம்மூரில் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

பிரிட்டனில் இதே போன்ற வண்டிக்கு 'எமர்ஜென்சி டெண்டர்' என்று பெயர். நம்முடைய இந்தியத் தர நிர்ணயமும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது. தண்ணீர் வண்டிக்கு ஐஎஸ் 950, மீட்பு வண்டிக்கு ஐஎஸ் 949. 'டெண்டர்' என்பது ரயில் இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்த பெட்டியின் பெயர். அரசாங்க அலுவலகத்தில் 'டெண்டருக்கு டெண்டர் விட்டாச்சு' என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் குழம்பியிருக்க வேண்டும், நிச்சயமாக.

சென்னையின் கதை இதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. 1886 டிசம்பர் 31-ல் பீப்பிள்ஸ் பார்க் பொருட்காட்சித் தீயில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மெட்ராஸ் தீயணைப்புப் படை வந்தது 1908-ல். 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாளைத்தான் இன்றும் நாடு முழுக்க தீயணைப்போர் நாளாக அனுசரிக்கிறார்கள். பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன. நாக்பூர் கல்லூரி, தரக் குறியீடுகள் எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தவை.

லிஸ்டில் இருக்கும் கட்டரும் ஸ்ப்ரெடரும் ரொம்பப் பிந்தி வந்தவை. 1961-ல் ஒரு கார் பந்தய விபத்தில், நசுங்கிய காரிலிருந்து ஓட்டுநரை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதைப் பார்த்தார் ஜார்ஜ் ஹர்ஸ்ட். ரேஸ் கார்களுக்கு கியர் ஷிஃப்டர் செய்து பெயர் வாங்கியவர். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் விரியும் இரும்புத் தாடை ஒன்றைச் செய்ய வைத்தார். அது வந்து சேர 1970-கள் ஆகிவிட்டது. கவனியுங்கள், இங்கேயும் அதே ஒரு மணி நேரம்தான்.

இன்றைய கருவிகள் 700 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்கின்றன. ஆனால் காரும் சும்மா இருக்கவில்லை. போரான் கலந்த எஃகு வந்தபிறகு பழைய கட்டர்கள் சில கார் தூண்களில் பல்லிளிக்கின்றன. வண்டி வாங்கிப் பதினைந்து வருடம் ஓட்டுவோம், அதற்குள் வெட்டப்பட வேண்டிய இரும்பு மாறிவிடும்.

லிஸ்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றுப் பை. ஒரு அங்குல கனம்கூட இருக்காது, ரப்பர் பாய் மாதிரி சுருங்கிக் கிடக்கும். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. பை என்றால் பரப்பு 3600 சதுர செ.மீ. 8 பார் காற்று அடைத்தால், சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 8 கிலோ வீதம், 28 டன் தூக்கும் விசை. லாரிக்கடியில் மாட்டியவரை எடுக்க கிரேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் பை உப்ப உப்ப, சுமையைத் தொடும் பரப்பு குறையும், தூக்கும் திறனும் குறையும். அதனால் ஒவ்வொரு அங்குலம் உயர்ந்ததும் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். பை நழுவினாலும் கட்டை தாங்கும். லிஸ்டில் மர ஆப்பும் கட்டையும் ஏன் இருக்கின்றன என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. புது இயந்திரம் வந்து பழைய மரத்தைத் தூக்கிப் போடவில்லை, அதற்கு வேலையைக் கூட்டியிருக்கிறது.

சரி, அடுக்குவது எப்படி? நான் முதலில் போட்ட ஷீட் எடைக்கணக்கை மட்டும் பார்த்தது. இடது வலது சமம், கனமானது கீழே, லேசானது மேலே. நண்பனின் பட்டறையில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். பிரிண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா கட்டர் ஒரு பக்கம், அதுக்கு பவர் குடுக்கிற பம்பு இன்னொரு பக்கம். ஆக்சிடென்ட் ஆன எடத்துல வண்டியச் சுத்தி ஓடிக்கிட்டிருப்பாங்களா?"

அவமானமாக இருந்தது. சேர்ந்து பயன்படுவது சேர்ந்து இருக்க வேண்டும் என்பது நான் தினமும் பேசுகிற விஷயம்.

மறுபடி போட்டோம். விபத்துச் சாமான் ஒரு பக்கம், கயிறு, கிணற்று வேலைக்கானவை இன்னொரு பக்கம், மூச்சுக்கருவி கேபினுக்குப் பக்கத்தில். ஜெனரேட்டரை இழுப்புத் தட்டில் வைத்தால் வெளியே இழுக்கும்போது முழு எடையும் தண்டவாளத்தின் நுனியில் தொங்கும், அதற்கு ஆங்கிளைக் கனமாக்க வேண்டும். கதவு கீல் வைத்ததாக இருந்தால் நம்மூர்ச் சந்தில் திறக்கவே இடம் இருக்காது. அதனால்தான் ஷட்டர். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பிடிப்பு. திரும்பிப் புறப்படும்போது எது விட்டுப்போனது என்று காலியான பிடிப்பே காட்டிக்கொடுக்கும். லிஸ்டைச் சரிபார்க்க ஆள் வேண்டியதில்லை.

அமெரிக்கப் பட்டியலில் இல்லாத ஒரு கூட்டம் நம் வண்டிகளுக்கு வேண்டும். தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் தரைக்கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் வந்த பாம்பு, பனைமரத்துக் கதண்டுக் கூடு என்று எத்தனை. துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' சேர்ந்துவிட்டது. மாட்டைத் தூக்கப் பெல்ட்டும் வலையும், பாம்புக்கு இடுக்கியும் எந்த லாக்கரில்? நண்பனுக்கு வந்த லிஸ்டில் பாம்பு இடுக்கி இருந்தது. யாரோ களத்தில் வேலை பார்த்தவர் எழுதிச் சேர்த்த வரி அது.

சில சமயம் எந்த லாக்கரிலும் பதில் இருக்காது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் குழிக்குள் விழுந்தது. பல குழுக்கள் வந்தன, யார் யாரோ தாங்களே செய்த கருவிகளோடு வந்தார்கள், பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ஓஎன்ஜிசி ரிக் வந்தது. நான்கு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கக் குழி தோண்டிக் கொடுத்த மாநிலம் இது. அந்தக் குழிக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கும் கருவி ஒரு வண்டியிலும் தயாராக இல்லை.

2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, இடிபாடுகளில் தேடும் கருவிகளோடு வந்தது அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை. காக்களூரிலிருந்து ரயிலில் போனால் அரக்கோணம் கிட்டத்தான். ரயில்வேக்கோ தனியாகவே விபத்து மீட்பு ரயில் இருக்கிறது, கிரேனும் கட்டரும் மருத்துவ வேனுமாக. 2024 அக்டோபர் 11-ல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியபோது அவர்களோடு மாவட்டத்துத் தீயணைப்பு வண்டிகளும் அங்கே நின்றன. உயிரிழப்பு இல்லை என்பது நம்பமுடியாத அதிர்ஷ்டம்.

ஷீட்டை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். போகிற வழியில் நண்பன் ஒரு பக்கமாகக் கையைக் காட்டினான். 2024 மே மாதக் கடைசியில் இதே எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை எரிந்து உயிர்கள் போயின. "அன்னைக்கு இந்த வண்டி இருந்திருந்தா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கரைப்பான் டிரம்கள் வெடிக்கிற இடத்தில் கட்டரும் ஸ்ப்ரெடரும் ஒன்றும் செய்யாது. வேண்டியது நுரை, நிறைய நுரை, பிறகு உள்ளே போக மூச்சுக்கருவி. 2025 ஜூலை 13 காலையில் திருவள்ளூர் பக்கத்தில் டீசல் டேங்கர் ரயில் எரிந்தபோதும் அதேதான், வெறும் தண்ணீருக்கு அடங்குகிற நெருப்பில்லை. மீட்பு வண்டியில் மூச்சுக்கருவி ஆறு செட் இருக்கிறது, அது மட்டும் உதவியிருக்கலாம். ஆனால் டிரம் வெடிக்க எடுக்கும் நேரம் நிமிடங்கள். எந்த வண்டியும் வந்து சேரும் நேரமும் நிமிடங்கள்தான்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் ஷெட்டுல தின்னர் டின் எல்லாம் வெல்டிங் பக்கத்துலதான்டா இருக்கு" என்றான்.

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஃபிட்டர் அண்ணனோடு சேர்ந்து மூன்று பேருமாக அதை முதலில் இடம் மாற்றினோம். லாக்கர் ஷீட்டின் இறுதி வடிவத்தை இரவு வீட்டிலிருந்துதான் அனுப்பினேன். இடது பின் லாக்கரில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது, டிராயிங்கிலும் அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. பாடி பில்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.