தாவும் சிலந்திகள்: ஐக்கிய அமெரிக்காவில் அவற்றின் பகுப்பும் பரவலும்

தாவும் சிலந்திகள் என்பவை, வலை கட்டி அதில் இரை வந்து விழும்வரை காத்திராமல், பகல் வெளிச்சத்தில் சுவரிலும் இலையிலும் உலாவி, இரையைக் கண்ணால் கண்டு, பூனையைப் போலப் பதுங்கி அணுகி, ஒரே பாய்ச்சலில் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. தமிழ்நாட்டில் ஈப்புலி என்று வழங்குவது இவ்வகையே. விஞ்ஞான நூல்களில் சால்டிசிடே என்று பெயர் பெற்ற இக்குடும்பம், 6,000க்கு மேற்பட்ட இனங்களுடன் சிலந்திக் குடும்பங்கள் யாவற்றினும் பெரியதாக விளங்குகிறது. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவிலும் கானடாவிலும் காணப்படுபவை 300க்குச் சற்று மேற்பட்டவை. தொகையில் இது சொற்பமே ஆயினும், இக்குடும்பத்தைப் பகுக்கும் முறை பற்றி எழுந்த விவாதங்கள் பலவும் அமெரிக்க இனங்களை முன்னிட்டே எழுந்தமையால், அந்நாட்டுச் சிலந்திகளைத் தனியே எடுத்துரைப்பது பொருந்தும்.

குடும்பத்தின் பெயர் தாவலைக் குறித்தாலும், அதனை ஏனைய சிலந்திகளினின்று பிரித்துக் காட்டும் இலக்கணம் கண்களே. பெரும்பாலான இனங்களில் எட்டுக் கண்களும் மூன்று வரிசையாய் அமைந்து, முன்வரிசையின் நடுவிலுள்ள இரண்டு மட்டும் மற்றவற்றினும் மிகப் பெரியனவாய் நேர்முகமாக நோக்கும். இவற்றின் வில்லை, தலையின் ஓட்டோடு அசையாது ஒட்டியிருக்க, உள்ளே நீண்ட குழாயின் அடியிலுள்ள விழித்திரையே இங்குமங்கும் நகர்ந்து காட்சியைத் துருவுகிறது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த மைக்கேல் லாண்ட், அவ்வட்டாரத்துச் சிலந்தியாகிய ஃபிடிப்பஸ் ஜான்சோனியைக் கொண்டு, அவ்விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது என்பதையும், ஒவ்வொரு கண்ணும் ஆறு தசைகளால் இயக்கப்படுகிறது என்பதையும் 1969-ல் விளக்கினார். தாவலோ, பெரிய தொடைத் தசைகளின் வேலையன்று. உடலிலுள்ள திரவத்தின் அழுத்தம் திடீரென உயர்ந்து பின்கால்களை நீட்டிவிடுவதால் நிகழ்வது. பாயுமுன் சிலந்தி ஓர் இழையைத் தரையில் ஒட்டிவைத்துக்கொள்கிறது. குறி தப்பினால் அவ்விழையைப் பற்றியே மீள்கிறது.

பகுப்பின் வரலாறு 1757-ல் ஸ்வீடன் தேசத்துக் கார்ல் கிளெர்க் வெளியிட்ட சிலந்தி நூலுடன் தொடங்குகிறது. விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்கள் யாவும் லின்னேயஸின் பகுப்பு நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே கணக்கிடப்படுவது மரபாயினும், சிலந்திகளுக்கு மட்டும் ஓராண்டு முந்திய கிளெர்க்கின் நூலுக்கு விலக்களிக்கப்பட்டுள்ளது. இன்று சால்டிகஸ் செனிகஸ் எனப்படும் வரிச்சிலந்தி அந்நூலில் இடம்பெற்றதே. 1804-ல் பிரெஞ்சு அறிஞர் லத்ரெய் சால்டிகஸ் என்ற பேரினத்தை நிறுவ, அடுத்த ஆண்டு வால்க்கனர் ஆட்டஸ் என்றொரு பேரினத்தை நிறுவினார். இவ்விரண்டையும் அடியாகக் கொண்டு சால்டிசிடே, ஆட்டிடே என இரு குடும்பப் பெயர்கள் உண்டாகி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1841-ல் பிளாக்வால் பயன்படுத்திய சால்டிசிடே என்பதே இப்போது நிலைபெற்றுள்ளது.

அமெரிக்க இனங்களுக்கு முதன்முதல் உருவம் கொடுத்தவர், லண்டனில் பிறந்து ஜார்ஜியாவில் குடியேறிய ஜான் ஆபட் என்னும் சித்திரக்காரர். அவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த சிலந்திச் சித்திரங்கள் அச்சேறாமலே கைமாறின. வால்க்கனர் அவற்றைப் பார்த்தே, அச்சிலந்திகளில் ஒன்றையேனும் கையில் எடுத்துப் பாராமல், 1837-ல் பல இனங்களுக்குப் பெயரிட்டார். இச்செய்தியை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ, அமெரிக்காவில் இருந்தபடியே அதே சிலந்திகளைப் பிடித்து ஆராய்ந்து வேறு பெயர் சூட்டியவர் நிக்கலஸ் மார்செலஸ் ஹென்ட்ஸ்.

ஹென்ட்ஸின் ஜீவிய சரித்திரம் விரிவாகக் கூறத்தக்கது. 1797-ல் பிரான்சின் வெர்சேல்ஸ் நகரில் பிறந்து, சிற்றோவியமும் வைத்தியமும் பயின்று, 1816-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதலிய மொழிகளைக் கற்பித்து, பின்னர்த் தம் மனைவியும் பெயர்பெற்ற நாவலாசிரியையுமான கரோலின் லீ ஹென்ட்ஸுடன் தென் மாகாணங்களில் ஊர் ஊராகப் பெண்கள் பாடசாலை நடத்திப் பிழைத்தவர். அப்பாடசாலைகளைச் சுற்றியிருந்த வேலிகளும் தோட்டங்களுமே அவருடைய ஆராய்ச்சிக்கூடம். 1842 முதல் 1850 வரை பாஸ்டன் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரைகளில், நாடெங்கும் பரவியுள்ள ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் முதலான எத்தனையோ தாவும் சிலந்திகள் முதன்முதலாக வருணிக்கப்பட்டன. அவர் 1856-ல் காலமானார். அவர் சேகரித்த மாதிரிகள் அழிந்தன. 1875-ல் பாஸ்டன் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அவர் கட்டுரைகளைப் படங்களோடு ஒரே நூலாகத் தொகுத்திராவிட்டால், அவர் உழைப்பும் மறைந்திருக்கும். ஆபட்டின் சித்திரங்களைத் துணைகொண்டு வால்க்கனரின் பெயர்களை மீட்கும் முயற்சி 1944-ல் சேம்பர்லின், ஐவி என்னும் ஆராய்ச்சியாளர்களால் நடைபெற்று, ஹென்ட்ஸ் இட்ட பெயர்கள் சில வழக்கொழிந்தன. சிலந்தியைக் கண்டவரைத் தள்ளிப் படத்தைக் கண்டவருக்கு முதன்மை கொடுப்பது வருத்தத்துக்குரியதே ஆயினும், முந்திய பெயரே நிற்கும் என்ற விதியில் அவ்வருத்தத்துக்கு இடமில்லை.

ஹென்ட்ஸுக்குப் பின் இத்துறையில் தலைமை வகித்தவர்கள் விஸ்கான்சின் மாகாணத்து மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதியர். கணவர் உயர்நிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்து, பிறகு நகரப் பள்ளிகளுக்கும் பொது நூலகத்துக்கும் அதிகாரியாக இருந்தவர். 1889-ல் இவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆண் சிலந்திகள் பெண்ணெதிரே கால்களை உயர்த்தியும் நிறங்களைக் காட்டியும் ஆடும் நடனங்களை நேரில் கண்டு எழுதியது. ஆணின் அலங்காரம் பெண்ணின் தேர்வினால் விருத்தியாயிற்று என்ற டார்வினின் கொள்கையை ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் மறுத்து வந்த காலத்தில், அக்கொள்கைக்குப் பிரத்தியட்சச் சான்று தந்தது இந்நூல். 1909-ல் வெளியான இவர்களுடைய வட அமெரிக்க ஆட்டிடே பற்றிய திருத்தநூல் நெடுங்காலம் இத்துறைக்கு ஆதார நூலாக இருந்தது. பெயரிடுவதில் இவர்கள் காட்டிய உற்சாகமும் நமக்கு ரசமானது. கிப்ளிங்கின் கானகக் கதைகளில் ஈடுபட்டு, 1896-ல் மத்திய அமெரிக்கச் சிலந்திகளுக்குப் பகீரா, அகேலா, மெசுவா, நாகைனா என்று பேரினப் பெயர்களை வழங்கினார்கள். அவற்றுள் மெசுவா லிம்பேட்டா என்ற இனம் டெக்சஸில் உண்டு. இந்தியக் காட்டுக் கதையில் மோக்லியைத் தன் மகனாக ஏற்றுக்கொண்ட பெண்ணின் பெயர் இவ்வாறு ரியோ கிராண்டே நதிக்கரைச் செடிகளில் உலாவுகிறது. பகீரா கிப்ளிங்கி என்பதோ மெக்சிகோவிலும் கோஸ்டா ரிகாவிலும் வேல மரத்தின் இலைநுனிச் சத்துக்களையே பிரதான ஆகாரமாகக் கொள்ளும் அதிசயச் சிலந்தி என்பது 2009-ல் தெரியவந்தது.

அதே காலத்தில் பாரிஸில் எழுதிய யூஜீன் சிமோன், தாடையின் கீழ்விளிம்பிலுள்ள பல் ஒன்றா, பிளவுபட்டதா, பலவா என்பதை அளவுகோலாக்கி, 1901 முதல் 1903 வரை வெளியிட்ட பகுதியில் இக்குடும்பம் முழுவதையும் மூன்று பெரும் பிரிவாக்கினார். பூதக்கண்ணாடியுடன் எவரும் எளிதில் கையாளக்கூடியதாய் இருந்தமையால் இம்முறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆட்சி செலுத்தியது. பல்லின் வடிவம் ஒன்றுக்கொன்று உறவில்லாத பரம்பரைகளிலும் தனித்தனியே தோன்றக்கூடியது என்பது பின்னரே புலப்பட்டது. போலந்து அறிஞர் ப்ருஷின்ஸ்கி ஜனன உறுப்புகளின் அமைப்பைக் கொண்டு வகுத்த குழுக்கள், இனங்களை அடையாளம் காண்பதற்கு உபகாரமானவை. உறவுமுறையை உணர்த்துவன அல்ல. கானடாவின் வேய்ன் மாடிசன், உடலமைப்பையும் மரபணுவையும் ஒருங்கே ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட பகுப்பே இப்போதைய முறை. அதன்படி குடும்பம் ஏழு துணைக்குடும்பங்களாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வதும், பிற சிலந்திகளை வேட்டையாடி உண்பதுமான போர்ஷியா, ஸ்பார்டேயினே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஓனோமஸ்டஸ் மற்றொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலத்தில் காணப்படுபவை இரண்டே: நூற்றுக்குத் தொண்ணூறு இனங்களுக்கு மேல் உள்ளடக்கிய சால்டிசினேயும், வெளிர்பச்சை நிறமும் நீண்ட மெல்லிய கால்களும் கொண்ட லிஸ்ஸோமனேஸ் விரிடிஸ் என்ற ஒரே இனத்தால் விளங்கும் லிஸ்ஸோமனினேயும்.

மாடிசனின் பகுப்பினால் கிடைத்த பெரும்பயன், பரவலுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டதே. பெரும் பரம்பரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்டத்தில் தழைத்தவை. அமெரிக்காவில் தழைத்தது மார்ப்பிஸ்ஸாய்டா என்ற பரம்பரை. ஃபிடிப்பஸ், பெலெக்ரினா, ஏரிஸ், ஹென்ட்ஸின் பெயர் தாங்கிய ஹென்ட்ஸியா ஆகியவை அதில் அடங்கும். இதற்கு மாறாக, நூறளவு இனங்களுடன் மேற்கு மாகாணங்களில் செழித்துள்ள ஹப்ரோனாட்டஸுக்கு நெருங்கிய உறவினர் பழைய உலகத்தைச் சேர்ந்தவர்கள். அதன் முன்னோர் யூரேஷியாவிலிருந்து வந்தனர் என்று கொள்ளவேண்டும். ஆட்டுலஸ் பாசிகரின் பிரயாணமோ இன்னும் விசித்திரமானது: தென் அமெரிக்காவில் தோன்றிய பரம்பரை யூரேஷியாவுக்குச் சென்று, ஆசியாவில் இவ்வினமாகி, மனிதனுடைய சரக்குகளோடு மீண்டும் அமெரிக்காவின் கீழ்க்கரையை அடைந்து கட்டடச் சுவர்களில் வாழ்கிறது.

கீழ்க்கரையிலுள்ள நியூ ஜெர்சியின் வீட்டுச் சுவர்களில் இந்த ஆட்டுலஸுடன் வரிச்சிலந்தியும், மரப்பட்டை நிறமுடைய பிளாட்டிகிரிப்டஸ் அண்டாட்டஸும் சாதாரணம். இலையுதிர் காடுகளின் ஓரத்தில் வாழும் மேவியா இன்கிளெமென்ஸ் தனிச்சிறப்புடையது. இதன் ஆண்கள் இரு வடிவினர்: தலையில் மூன்று மயிர்க்குஞ்சம் தாங்கிய கரிய ஆண் ஒன்று, குஞ்சமின்றிச் சாம்பல் வரிகளுடன் விளங்கும் ஆண் மற்றொன்று. குஞ்சமுள்ளவன் சுமார் 9 சென்டிமீட்டர் தூரத்திலேயே கால்களை ஊன்றி உடலை உயர்த்தி நின்று ஆடத் தொடங்க, சாம்பல் நிறத்தவன் 3 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பின்பு தாழ்ந்து பதுங்கியபடி பக்கவாட்டில் நகர்கிறான். கிளார்க், யூட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவரும் நடத்திய பரிசோதனைகளில், பெண் எவ்வடிவத்தையும் விசேஷமாக விரும்பவில்லை என்றும், முதலில் அசைந்து தன் பார்வையை ஈர்த்தவனையே ஏற்றுக்கொண்டது என்றும் கண்டனர். பெக்கம் தம்பதியர் இவ்விரு வடிவங்களையும் முன்பே அறிந்திருந்தனர் என்பது அவர்களுடைய கூர்மைக்குச் சான்று.

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அண்டாட்டஸின் இடத்தை அதன் உறவாகிய பிளாட்டிகிரிப்டஸ் கலிபோர்னிக்கஸ் வகிக்கிறது. ராக்கி மலைத்தொடர் இவ்விரண்டுக்கும் எல்லையாக அமைந்ததுபோலும். இங்குப் பிரசித்தமானது மேலே கூறிய ஃபிடிப்பஸ் ஜான்சோனி. ஆணின் வயிறு முழுச் சிவப்பு. பெண்ணுக்கு அச்சிவப்பின் நடுவே கரிய பட்டை. கற்களின் அடியில் பட்டுக்கூடு பின்னி அதில் தங்கும். பெர்க்லியில் பயின்ற ராபர்ட் ஜாக்ஸன் 1977-ல் காட்டியபடி, பெண் வெளிச்சத்தில் எதிர்ப்பட்டால் ஆண் நடனமாடுகிறது. இருண்ட கூட்டினுள் இருந்தால் பட்டிழைகளை இழுத்து அதிர்வினால் தன் வரவை அறிவிக்கிறது. பெண் இன்னும் பருவமெய்தாததாயின், பக்கத்தில் தானும் ஒரு கூடு கட்டிக் காத்திருக்கிறது. 2012-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, எடையற்ற நிலையிலும் இரை பிடித்து உயிருடன் திரும்பிய சிலந்தி இவ்வினத்ததே. ஹப்ரோனாட்டஸ் பேரினம் முழுவதையும் திருத்தி எழுதிய சார்ல்ஸ் கிரிஸ்வோல்டின் 1987-ஆம் ஆண்டு நூலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வெளியீடு. இப்பேரினத்தின் ஆண்கள் ஆடும்போதே வயிற்றை அதிரச்செய்து தரைவழியாகப் பெண்ணுக்கு ஒருவகை இசையையும் அனுப்புகின்றன என்பது டேமியன் எலியாஸ் முதலியோரின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

டெக்சஸில் கிழக்கு, மேற்கு, மெக்சிகோ ஆகிய மூன்று திசை இனங்களும் கலக்கின்றன. கிழக்குப் பகுதியின் ஈரக்காடுகளில் பச்சை லிஸ்ஸோமனேஸும், வறண்ட பிரதேசங்களில் ஃபிடிப்பஸ் அப்பாச்சியானஸும் வாழ்கின்றன. பின்னது செவ்வண்ண உடலுடன், கொட்டும் இயல்புடைய சிறகில்லாக் குளவியின் தோற்றத்தை மேற்கொள்கிறது. பருத்தி வயல்களில் பூச்சிகளை உண்டு உழவனுக்கு உதவுவது ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ். கருமையான வயிற்றில் மூன்று வெண்புள்ளிகளும் பச்சையாய் மின்னும் தாடைகளும் அதற்கு அடையாளம். வளைகுடாக் கரையோர ஊர்களின் சுவர்களிலோ பிளெக்ஸிப்பஸ் பேக்குலியும் மெனிமெரஸ் பைவிட்டாட்டஸும் காணப்படுகின்றன. உஷ்ணப் பிரதேசங்களெங்கும் கப்பல் வழியே பரவிய இவ்விரண்டும் நம் ஊர் வீட்டுச் சுவர்களிலும் ஈ பிடிப்பவையே. ஆகவே ஹூஸ்டனில் குடியேறிய தமிழருக்கு இவை பழக்கமான அயலார். ஆலன் டீன் 2016-ல் வெளியிட்ட டெக்சஸ் சிலந்திப் பட்டியல் எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து 1,084 இனங்களைக் கூறுகிறது.

தற்காலத்தில் புகைப்படங்களைக் கொண்டு பொதுமக்களும் பரவலைப் பதிவு செய்து வருகின்றனர்.