முன்கை நரம்பமைப்பின் வேறுபாடுகளும் காய மதிப்பீடும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தை முன்வைத்து

கார் உதிரிபாகம், கண்ணாடி, செல்போன் என ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் உருவாகும் எதுவும் ஏதோ ஒரு கட்டத்தில் தொழிலாளியின் கைபட்டே வெளியேறுகிறது. தகட்டு விளிம்போ கண்ணாடிச் சில்லோ முழங்கைப் பக்கம் கிழித்துவிட்டால், எந்த நரம்பு அறுந்தது என்பதை மருத்துவர் முதலில் விரலசைவைப் பார்த்தே கணிக்கிறார். அவர் மனத்தில் இருப்பது பாடநூல் படம். அது பெரும்பான்மைக்கு வழிகாட்டி. எதிரே இருப்பவரின் கைக்குச் சான்று ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விரல்நுனியை மடக்கும் ஆழ்தசையில் ஆள்காட்டிவிரல், நடுவிரல் பகுதிகளை மீடியன் நரம்பும், மோதிரவிரல், சுண்டுவிரல் பகுதிகளை அல்நர் நரம்பும் இயக்கும் என்று படிக்கிறோம். இந்த எல்லை ஆளுக்கு ஆள் நகரும். சிலரின் நடுவிரல் பகுதிக்கு இரண்டுமே கிளை அனுப்புகின்றன.

இதைவிடச் சிக்கலானது மார்ட்டின்–குரூபர் இணைப்பு. 1763-இல் சுவீடனின் மார்ட்டினும் 1870-இல் குரூபரும் விவரித்த இதில், மீடியன் நரம்பின் சில இழைகள் முன்கையில் பிரிந்து அல்நர் நரம்போடு சேர்ந்து உள்ளங்கைச் சிறுதசைகளை அடைகின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது உண்டு. அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. இவை பெரும்பாலும் இயக்க இழைகளே, உணர்வு இழைகள் அல்ல. ஆகவே இத்தகையவரின் அல்நர் நரம்பு முழங்கையில் அறுந்தால், சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கும், அதன் நுனி மடங்காது. ஆனால் விரல்களை ஓரளவு அகட்டிக் காட்டுவார். "மரத்துப்போச்சுங்கிறார், விரலை மட்டும் விரிக்கிறாரே" என்ற சந்தேகம் அங்கேதான் எழுகிறது. நடிப்பு என்று எழுதப்படுவது உண்மையில் பிறவி அமைப்பாக இருக்கலாம்.

நரம்புக் கடத்தல் சோதனையும் இதற்கு விலக்கல்ல. இந்த இணைப்பு உள்ளவரின் அல்நர் நரம்பை மணிக்கட்டில் தூண்டினால் சுண்டுவிரல் தசையின் துலங்கல் பெரிதாகவும், முழங்கையில் தூண்டினால் சிறிதாகவும் பதிவாகும். முன்கையில் அடைப்பு என்று முடிவுகட்டிவிடலாம். மீடியன் நரம்பை முழங்கையில் தூண்டி அதே தசையில் பதிவு செய்தால் குட்டு உடைந்துவிடும். கூடுதல் வேலை சில நிமிடங்களே.

தசை தசையாகச் சோதிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1947-இல் பக்கத்துச் செங்கல்பட்டின் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல் முடங்கிய ஒரு நோயாளியின் பிடி இறுகியிருந்ததைக் கவனித்தார். முன்கைத் தசைகள் செயலோடு இருக்கின்றன என்ற அந்த அறிதலிலிருந்துதான் வேலூரில் தசைநாண் மாற்று அறுவை வளர்ந்தது.

இந்த நுணுக்கம் காயப்பட்டவரின் இழப்பீட்டையும் தொடுகிறது. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை பெருவிரல் இழப்புக்கு 30 சதவீதம், ஆள்காட்டிவிரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று வகுத்தது. உறுப்பு இருந்தும் பயன் முழுதாகப் போனால் அதுவும் இழப்பே. பாதிப் பயனுக்கோ அட்டவணையில் வரி கிடையாது. அங்கே மருத்துவரின் குறிப்புதான் தொகையை முடிவு செய்கிறது. எனவே "அல்நர் காயம்" என்ற ஒற்றைச் சொல் சான்றிதழில் போதாது. நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலின் நுனியையும் மடக்கச் சொல்லி, வலிமையையும் உணர்வையும் தனித்தனியே எழுத வேண்டும். முரண் தெரிந்தால், நடிப்பு என்று எழுதுமுன் மீடியன் நரம்பைத் தூண்டிப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.