பெருத்த உடலோடு விமானப் பயணம்: ரிக்கற் போடுமுன் கேட்க வேண்டியவை

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ரிக்கற் போட்டுக் கொடுக்கிறார்கள், விசாவும் கிடைத்துவிடுகிறது. ஆனால் 'அந்த சீற்றுக்குள் நான் அடங்குவேனா? பெல்ற் பூட்டுப்படுமா?' என்ற பயத்தைப் பல தாய்மார் வாய்விட்டுச் சொல்வதில்லை. போரில் காலை இழந்து, நடமாட்டம் குறைந்து, பின்னர் உடல் பெருத்தவர்களுக்கும் இதே கூச்சம் உண்டு. இவர்களுக்குத் தேவையான உதவிகளில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஆசனத்தின் அகலம்

சாதாரண வகுப்பு ஆசனங்கள் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குல அகலமானவை. வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். வாங்கில் இருந்து, இரண்டு பக்கமும் இடுப்பை ஒட்டிப் பெட்டி வைத்து, எழும்பியபின் இடைவெளியை அளந்தால் போதும்.

ஒரு வரிசைக்கு எத்தனை ஆசனம் என்பதைப் பயண முகவரிடம் கேளுங்கள். சிறிலங்கன் எயார்லைன்ஸ் பயன்படுத்தும் எயார்பஸ் ஏ330 விமானத்தில் வரிசைக்கு 8 ஆசனங்கள் (2-4-2). வளைகுடா நிறுவனங்களின் போயிங் 777 விமானங்களில் பொதுவாக 10 ஆசனங்கள் (3-4-3), அதனால் ஒவ்வொன்றும் சற்று ஒடுக்கம். கூட ஒருவர் வருவதாயின் இரண்டு ஆசன வரிசையே நல்லது, அந்நியர் பக்கத்தில் இருக்கமாட்டார். பலாலியிலிருந்து தமிழகத்துக்குப் பறக்கும் ஏரிஆர் 72 சிறிய விமானம்தான். ஆனால் அதில் 2-2 என்ற அமைப்பு இருப்பதால் நடு ஆசனமே இல்லை.

எந்த இடத்தைக் கேட்பது?

நடைபாதையோர ஆசனம் எழும்பி நடக்க வசதியானது. அதன் வெளிப்பக்கக் கைப்பிடியை உயர்த்தும் பொத்தான் பல விமானங்களில் கைப்பிடியின் அடியில், பின்பக்கமாக மறைந்திருக்கும். பணியாளரிடம் கேட்டால் காட்டுவார். கால் நீட்டலாம் என்று முன்வரிசையை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் அதை உயர்த்த முடியாது, இருக்கும் இடமும் குறைந்துவிடும்.

பெல்ற் எட்டாவிட்டால் நீட்டிப்புப் பட்டி உண்டு. விமானத்துக்குள் ஏறும்போதே பணியாளரிடம் மெதுவாகக் கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை. அதைப் பயன்படுத்துபவர் அவசர வாசல் வரிசையில் இருக்க அனுமதிக்கப்படமாட்டார்.

இரண்டாவது ஆசனம்

பல நிறுவனங்கள் ஒரே பயணியின் பெயரில் பக்கத்து ஆசனத்தையும் விற்கின்றன. அதை இணையத்தில் தனியாக வாங்காமல் நிறுவனத்திடமோ முகவரிடமோ சொல்லிப் பதியுங்கள். முறையாகப் பதியாவிட்டால் அந்த ஆசனம் வேறொருவருக்குப் போய்விடலாம்.

கனடாவில் இது உரிமைப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. உடற்பருமனால் இயலாமைக்குள்ளானவருக்கு இரண்டாவது ஆசனம் தேவைப்பட்டால் உள்நாட்டுப் பறப்பில் அதற்கு மேலதிகக் கட்டணம் அறவிடக்கூடாது என்று கனடியப் போக்குவரத்து முகவரகம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எயார் கனடா, வெஸ்ற்ஜெற் நிறுவனங்களின் மேன்முறையீட்டை ஏற்க அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மறுத்தது. கொழும்பிலிருந்து போகும் சர்வதேசப் பயணத்துக்கு இது பொருந்தாது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் போகும் உறவினர், மருத்துவ விபரங்களுடன் விண்ணப்பிக்கலாம்.

சக்கர நாற்காலி

இதைக் குறைந்தது 48 மணித்தியாலங்களுக்கு முன் பதியுங்கள். விமானத்துக்குள் ஆசனம்வரை கொண்டுபோகும் நாற்காலி மிக ஒடுக்கமானது. எனவே நிறையையும் இடுப்பு அகலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படி ஏற முடியுமா என்பதையும் சொல்லுங்கள். ஏரிஆர் விமானத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும்.

இரத்தக்கட்டி ஆபத்து

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணித்தால் கால் நாளங்களில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் தெரிவித்தது. வான், பஸ், ரயில் பயணத்துக்கும் இது பொருந்தும். உடல் பருமன் இந்த ஆபத்தை மேலும் கூட்டும். கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ கட்டுநாயக்கவுக்கு வானில் போகும் நேரமும் இதில் அடங்கும். வழியில் வவுனியா, அநுராதபுரம், புத்தளம் என்று நிறுத்தி இறங்கி நடவுங்கள். விமானத்தில் கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம். அழுத்தக் காலுறை போடுமுன் வைத்தியரைக் கேளுங்கள், நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பொதியில் போட வேண்டாம்.

செல் துண்டும் செயற்கைக் காலும்

உடலில் உலோகத் துண்டு இருந்தால் சோதனைக் கருவி ஒலிக்கக்கூடும். வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் கையில் வைத்திருங்கள். கருவி ஒலிக்குமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. உடலைத் தொட்டுச் சோதிப்பதானால் தனியறையில் சோதிக்குமாறு கேட்கலாம். செயற்கைக் கால் அணிபவர்களுக்கு நீண்ட பறப்பில் எஞ்சிய கால் வீங்கலாம். தடிப்பு வேறுபட்ட காலுறைகளை மேலதிகமாக எடுத்துச் செல்லுங்கள். காலைக் கழற்றி வைக்கும் எண்ணமிருந்தால், இறங்குமுன் திரும்பப் பூட்டுவதற்குப் போதிய நேரம் விடுங்கள்.

ரிக்கற் போடுவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைதான். ஆகவே உங்கள் நிறை, இடுப்பு அகலம், படி ஏற முடியுமா, உடலில் உலோகம் உண்டா என்ற நான்கையும் அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விலை மலிவை மட்டும் பார்த்து அவர் ரிக்கற் எடுத்தபின் சொன்னால், மாற்றுவதற்குத் தனியாகக் காசு கட்ட நேரிடும்.