அரியலூர் ரயில் விபத்து: சாஸ்திரியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால்

1956 நவம்பர் 23, விடியற்காலை. முதல் நாள் இரவு சென்னை எழும்பூரில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. கடும் மழை, ஆற்றில் வெள்ளம். பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் 140க்கும் மேல்.

இதற்கு அடுத்த வரி எல்லோருக்கும் தெரியும். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். பள்ளிப் பேச்சுப் போட்டி முதல் டிவி விவாதம் வரை அரியலூர் என்றாலே இந்தக் கதைதான்.

கதையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் பெட்டிக்குள் இருந்தவர்கள் யாரும் இல்லை. அவர்கள் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

உளவியலுக்கும் ஒரு காலத்தில் இதே பிரச்சினை இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க உளவியல் பெரும்பாலும் நடத்தையை வெளியிலிருந்து அளந்துகொண்டிருந்தது. பயந்தவருக்கு நாடித்துடிப்பு எவ்வளவு ஏறியது என்று சொல்லும்; பயம் அவருக்கு எப்படி இருந்தது என்று சொல்லாது. நாங்கள் சாஃப்ட்வேரில் பார்க்கும் லாக் ஃபைல் மாதிரி. சர்வர் எத்தனை மணிக்கு விழுந்தது என்று அதில் இருக்கும், அந்த நேரத்தில் டிக்கெட் போட முயன்றவர் பட்ட பாடு இருக்காது.

எட்மண்ட் ஹுஸர்ல் (1859–1938) என்ற தத்துவவாதி தொடங்கிவைத்த பினாமினாலஜி இங்கேதான் உதவிக்கு வந்தது. தமிழில் நிகழ்வியல், தோற்றப்பாட்டியல் என்றெல்லாம் சொல்கிறார்கள். சுருக்கமாக: ஒரு விஷயத்தைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை, நாம் வைத்திருக்கும் விளக்கத்தை, கொஞ்ச நேரம் ஒதுக்கி வை. அது அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே பார்.

இதை ஆய்வு முறையாக மாற்றியதில் பிட்ஸ்பர்க்கின் டுகேன் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வேலை பார்த்த ஆட்ரியன் வான் காம், ‘ஒருவர் என்னை உண்மையிலேயே புரிந்துகொண்டார்’ என்று உணர்ந்த தருணத்தை எழுதச் சொல்லி மாணவர்களிடம் கேட்டு 1950களில் ஆய்வு செய்தார். பிறகு வந்த அமடியோ ஜியோர்ஜி சோதனை உளவியலில் பயின்றவர். அவர் 1970ல் இந்தத் துறைக்காகவே ஒரு ஆய்விதழைத் தொடங்கினார்.

ஜியோர்ஜியின் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். அனுபவத்தை அவர் வாயாலேயே விவரிக்கச் சொல்ல வேண்டும். முழுவதையும் ஒருமுறை படிக்க வேண்டும். அர்த்தம் மாறும் இடங்களில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். கடைசியில், பலருடைய விவரிப்பிலும் மாறாமல் வரும் அமைப்பைத் தேட வேண்டும்.

இதை மருதையாற்றுக்குப் பொருத்தினால் நாம் முதலில் ஒதுக்க வேண்டியது சாஸ்திரியை. அந்த விடியலில் பெட்டிக்குள் இருந்தவருக்கு ராஜினாமா தெரியாது, 140 தெரியாது, பாலம் என்பதுகூடத் தெரிந்திருக்காது. பின்பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது எந்த நொடியில் ‘விபத்து’ ஆனது? தூத்துக்குடியில் வண்டிக்காகக் காத்திருந்தவருக்கு ‘லேட்’ என்பது எப்போது வேறொன்றாக மாறியது? “சாமிதான் காப்பாத்துச்சு” என்று ஒருவர் சொன்னால், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், மூடநம்பிக்கை என்றும் சொல்ல வேண்டாம். அவருக்கு அது அப்படித்தான் நடந்திருக்கிறது. அதைப் பதிவு செய்யணும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. பாலம் ஏன் விழுந்தது என்று இது சொல்லாது, அதற்கு இன்ஜினியர்கள்தான் வேண்டும். இத்தனை வருட நினைவில் பின்னால் கேட்ட கதைகளும் கலந்திருக்கும். அதனால் நமக்குக் கிடைப்பது 1956ஆம் வருட அனுபவம் அப்படியே அல்ல, அந்த அனுபவத்தோடு வாழ்ந்த ஒரு வாழ்க்கை. அதுவும் வரலாறுதான்.

அரியலூர், பெரம்பலூர் மண்ணில் கோடிக்கணக்கான வருடம் பழைய கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. அவை இன்னும் காத்திருக்கும். ஆனால் 1956ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது தாத்தா, அப்பாயி இருந்தால் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, “அன்னைக்குக் காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். “பயமா இருந்துச்சா?” என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். சாஸ்திரி பேச்சை அவராக எடுத்தால் எடுக்கட்டும்.