தேக்காவுக்கு வழியில்லாத ஞாயிறுகள்

2020 பிப்ரவரியில் சிங்கப்பூர் அரசு ‘ஸ்டே-ஹோம் நோட்டீஸ்’ என்ற புதிய ஆணையைக் கொண்டுவந்தது. சீனாவிலிருந்து திரும்புகிறவர் 14 நாள் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, சாப்பாடு வாங்கக்கூட. மார்ச் கடைசியில் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் இதே ஆணையின் கீழ் ஹோட்டல் அறைகளில் இருத்தப்பட்டார்கள். ஏப்ரல் 20 முதல், கட்டுமானத் துறையில் வேலை அனுமதியில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கும் அது வந்தது, கணக்கில் சுமார் 180,000 பேர். ஊழியர் எங்கே படுத்தாரோ அதுவே அவர் வீடு. கொரோனா கிருமி பரவிய அவசரத்தில் பிறந்த ஏற்பாடு என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். கிருமி, ஆணைக்குக் காரணம்தான். ஆனால் தமிழகத் தொழிலாளியை அவர் தங்குமிடத்துக்குள்ளேயே வைத்திருக்கும் வழக்கம் அதற்கு முன்பே, வேறொரு காரணத்துக்காக, பல ஆண்டுகளாக உருவாகியிருந்தது என்பதே என் வாதம்.

சிங்கப்பூரில் தமிழ்க் கூலியாளின் உறைவிடம் தொடக்கத்திலிருந்தே பிறர் கையில் இருந்தது. 1873இன் காலராவுக்குப் பின் செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் தொற்றுத்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. கப்பல் தளத்தில் இடம்பிடித்து வந்த ஏழைப் பயணிகள்தான் பெரும்பாலும் அங்கே இறக்கப்பட்டார்கள். கரையேறியபின் நகராட்சி, துறைமுகம், ரயில்வே, செம்பவாங் கடற்படைத் தளம் என்று வேலை கொடுத்தவரே வரிசை வீடுகளும் கொடுத்தார். வேலை போனால் அறையும் போகும். சுதந்திரத்துக்குப் பின் குடிமக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் உரிமையாளர்களானார்கள், அந்த வரிசைகள் மறைந்தன. 1980களுக்குப் பின் தமிழகத்திலிருந்து வந்த புதிய கட்டுமானத் தொழிலாளிக்கு மட்டும் பழைய உறவு தொடர்ந்தது. சட்டப்படி அவருக்குத் தங்குமிடம் தரவேண்டியவர் முதலாளி. ஆகவே அவருடைய சொந்த வாழ்க்கை நடந்த இடம் தேக்கா என்னும் லிட்டில் இந்தியாதான். ஊருக்குப் பணம் அனுப்புவது, வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடுவது, வாழையிலைச் சாப்பாடு, துவாஸில் படுப்பவரும் பொங்கோலில் படுப்பவரும் ஊர்க்காரர்களாகப் புல்தரையில் சந்திப்பது என எல்லாமே ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்தன.

அந்தக் கூட்டம்தான் நகரத்தை உறுத்தியது. 2008இல், தேக்காவுக்கு வெளியே உள்ள சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை ஊழியர் விடுதியாக்கும் திட்டத்தை எதிர்த்து வட்டாரவாசிகள் கையெழுத்து திரட்டினார்கள். விடுதி வந்தது, தனிப் பாதையோடு. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் விடுதிக்குத் திரும்பும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது. அதன்பின் தேக்காவுக்கு ஊழியர்களை ஏற்றிவந்த பேருந்துகள் குறைக்கப்பட்டன. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது லிட்டில் இந்தியா தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, ஊழியர்களுக்கான வசதிகளை லிட்டில் இந்தியாவுக்கு வெளியே பெருக்கச் சொன்னது. 2014இல் திறந்த துவாஸ் வியூ விடுதியில் 16,800 படுக்கைகள், கூடவே ஒரு திரையரங்கு. உள்ளேயே எல்லாம் கிடைத்தால் வெளியே வரத் தேவையிராது என்பது கணக்கு. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் விடுதிகள் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேரை ஒரே நாளில் உள்ளே நிறுத்த முடிந்தது. ஓர் ஊரே போன்ற வளாகம் இருந்ததால்தான், வாயிலை மூடுவதே போதுமானதாயிற்று.

விடுதி வசதிகள் நலத்திட்டம் அல்லவா, கன்டெய்னரில் படுத்ததைவிட மேல் அல்லவா என்று கேட்கலாம். மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுதித் திரையரங்கில் பக்கத்துக் கட்டில்காரரைத்தான் பார்க்கலாம். அண்ணனோ மச்சானோ வேறு விடுதியில் இருந்தால் இருவருக்கும் பொதுவான இடம் தேக்காதான். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: விடுதிகளைப் பூட்டாவிட்டால் நோய் நகரமெங்கும் பரவியிருக்கும். விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டதாக 2020 டிசம்பரில் அரசே அறிவித்தது. இறந்தவர்கள் மிகச் சிலரே. அந்த மருத்துவ ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஏப்ரலில் பூட்டியதை ஏற்கிறேன். ஆனால் அந்த விழுக்காடு வேறொன்றையும் சொல்கிறது. ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் படுக்கும் இடத்தில் ‘வீட்டிலேயே இரு’ என்ற கட்டளை, நோயோடு சேர்ந்து இரு என்பதாகவே முடிந்தது. அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற புதிய தரம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.

காரணம் கிருமி மட்டும்தானா என்பதற்குக் காலக்கணக்கே சாட்சி. குடிமக்களுக்கான ‘சர்க்யூட் பிரேக்கர்’ 2020 ஏப்ரல் 7இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. விடுதிகளில் தொற்று நீங்கிவிட்டதாக ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஆனால் ஊழியர்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போக முதல் சோதனைத் திட்டம் வந்தது 2021 செப்டம்பரில். லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சேர்த்து, வாரத்துக்கு 500 பேர் வரை. விடுதியைவிட்டு வெளியேற வாங்கவேண்டியிருந்த பொதுவான அனுமதிச் சீட்டு 2022 ஜூன் 24 முதல் நீக்கப்பட்டது. மற்ற நாள்களில் எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது. ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் மட்டும் நான்கு இடங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது: சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட், லிட்டில் இந்தியா. செவ்வாய்க்கிழமை தேக்காவில் இல்லாத தொற்று அபாயம் ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கூட்டம் சேரும் என்பதே பதில். 2013 டிசம்பருக்குப் பின்னும் அதே பதில்தான் சொல்லப்பட்டது.