மோர்டெகாய் பிரவுனின் வலது கை

மோர்டெகாய் பீட்டர் சென்டென்னியல் பிரவுன் 1876 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நைஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்கா விடுதலையை அறிவித்து நூறாண்டு நிறைந்த ஆண்டு அது. பெயரின் மூன்றாம் பகுதி அதைக் குறிப்பது. சிறுவயதில் பண்ணையில் தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்குள் அவருடைய வலது கை சிக்கியது. ஆட்காட்டி விரலில் அடிப்பகுதி மட்டுமே மொட்டையாக மிஞ்சியது. காயம் ஆறுவதற்குள் கீழே விழுந்து மற்ற விரல்களையும் முறித்துக்கொண்டார். முயலைத் துரத்தியபோது விழுந்தார் என்பார்கள் சிலர், பன்றி என்பார்கள் சிலர். எப்படியோ எலும்பு நேராகக் கூடவில்லை. நடுவிரல் கோணிப்போனது, சுண்டுவிரல் செயலிழந்தது.

வளர்ந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ‘மூன்று விரல் பிரவுன்’ என்பதோடு ‘சுரங்கக்காரர்’ என்ற பட்டப்பெயரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. காக்ஸ்வில் ஊர் பேஸ்பால் அணியில் மூன்றாம் பேஸ் காத்துவந்தவர், வழக்கமான பிட்சர் வராத ஒரு நாளில் பந்தெறிந்தார். அதோடு இடம் மாறிவிட்டது. 1901-இல் டெரே ஹோட் அணி, அடுத்த ஆண்டு ஒமாஹா, 1903-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அங்கே 9 வெற்றி, 13 தோல்வி. அந்த அணி அவரைச் சிகாகோ கப்ஸுக்குக் கைமாற்றியது.

பேஸ்பாலில் பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் கடைசியாக அதைத் தொடுபவை பெரும்பாலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான். பந்தின் சுழற்சி அங்கே பிறக்கிறது. பிரவுனின் பந்தோ மொட்டை விரலை உரசி, கோணல் விரல்மேல் உருண்டு வெளியேறியது. அதனால் பேட்டரை நெருங்கியதும் சட்டெனத் தாழ்ந்தது. மட்டை பந்தின் மேற்புறத்தில் பட, பந்து தரையோடு உருண்டது. இதையெல்லாம் ஊனம் கொடுத்த வரம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படிப்பட்ட பந்தை நினைத்த இடத்தில் விழவைக்க நெடுநாள் பயிற்சி வேண்டியிருந்தது. உருண்டு வரும் பந்தைப் பொறுக்கி எறிய டிங்கர், எவர்ஸ், சான்ஸ் போன்ற ஃபீல்டர்களும் தேவைப்பட்டார்கள். சிகாகோவில் அவர்கள் இருந்தார்கள்.

1906-இல் கப்ஸ் 152 ஆட்டங்களில் 116-ஐ வென்றது. பிரவுன் 26 வெற்றி, 6 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.04. இருந்தும் உலகத் தொடரில் அதே நகரத்து ஒயிட் சாக்ஸிடம் கப்ஸ் தோற்றது. 1907, 1908 இரண்டிலும் டெட்ராய்ட் டைகர்ஸை வென்று கோப்பையைப் பிடித்தது. அதன்பின் அந்த அணிக்கு உலகத் தொடர் கிடைத்தது 2016-இல்தான். 1906 முதல் 1911 வரை ஆண்டு தவறாமல் பிரவுன் இருபதுக்குக் குறையாத வெற்றிகளைப் பெற்றார்.

அவருக்குச் சரியான எதிரி நியூயார்க் ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மாத்யூசன். 1905 ஜூனில் மாத்யூசன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் பிரவுனை 1-0 என வென்றார். கணக்குத் தீர்ந்தது 1908 அக்டோபர் 8-இல், போலோ கிரவுண்ட்ஸில். சீசன் முடிவில் இரு அணிகளும் சமநிலையில் நின்றதால், செப்டம்பர் 23 அன்று முடிவின்றி நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் ஆட வேண்டியிருந்தது. தனக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் வந்ததாகப் பிரவுன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கப்ஸ் சார்பில் தொடங்கிய ஃபீஸ்டர் முதல் இன்னிங்ஸிலேயே தடுமாற, பிரவுன் உள்ளே வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். கப்ஸ் 4-2 என வென்றது.

1914, 1915 ஆண்டுகளை ஃபெடரல் லீக்கில் கழித்துவிட்டு 1916-இல் கப்ஸுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று சிகாகோவில் அவரும் மாத்யூசனும் கடைசியாக மோதினார்கள். அப்போது மாத்யூசன் சின்சினாட்டி ரெட்ஸின் மேலாளர். இருவருக்கும் வயது ஏறியிருந்ததை ஸ்கோரே காட்டியது: 10-8, வெற்றி மாத்யூசனுக்கு. பெரிய லீக்கில் இருவருக்குமே அதுதான் இறுதி ஆட்டம்.

பிரவுனின் மொத்தக் கணக்கு 239 வெற்றி, 130 தோல்வி, சராசரி 2.06. பிறகு டெரே ஹோட்டில் பெட்ரோல் நிலையம் நடத்தினார். 1948 பிப்ரவரி 14 அன்று அங்கேயே இறந்தார். பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு அவர் தேர்வானது அதற்கு அடுத்த ஆண்டு.